பள்ளிக்காக 21 கிலோமீட்டர்: முதல்முறை ஓடப்போகும் பெற்றோருக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் என் மகள் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியில் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு ஒரே ஒரு குழாயின் முன்னால் வரிசையில் நிற்பார்கள். வரிசை நகராது. பாதிப் பேர் கை கழுவாமலே சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு மேல்தொட்டி, ஒரு மோட்டார், எட்டுக் குழாய் வைத்த ஒரு திட்டு, இவ்வளவுதான் தேவை. செலவு 75,000 ரூபாய். அந்தப் பணத்தைத் திரட்டுவதற்காக, பள்ளிக்கூட நாள்களுக்குப் பிறகு ஒருநாள்கூட ஓடியிராத நான், 38 வயதில் திருவனந்தபுரத்தில் ஒரு அரை மாரத்தான் ஓடி முடித்தேன். அதன்பிறகு வேறு பள்ளிகளின் பெற்றோர் பலர் எப்படிச் செய்தேன் என்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஓடுவது ஒரு வேலை, பணம் திரட்டுவது இன்னொரு வேலை. நீங்கள் ஓடுவதைப் பார்த்து யாரும் பணம் தருவதில்லை. கணக்கு சரியாக இருக்கும் என்று நம்பித்தான் தருகிறார்கள். ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்க உங்களுக்கு ஒரு காரணத்தை ஓட்டம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் ஷூ வாங்குவதற்கு முன்னால் பள்ளிக்குப் போங்கள்.

பள்ளியில் செய்ய வேண்டியது

தலைமை ஆசிரியரைப் பார்த்து, பள்ளிக்கு என்ன தேவை என்று கேளுங்கள். நாமே முடிவு செய்துகொண்டு போகக் கூடாது. நான் நூலகம் என்று நினைத்துக்கொண்டு போனேன். டீச்சர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் குழாயைக் காட்டினார். தேவை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். 'பள்ளி வளர்ச்சிக்கு' என்று கேட்டால் கை நீளாது. 'எட்டுக் குழாய்' என்றால் உடனே புரியும்.

அப்புறம் இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். பிளம்பர் வாயால் சொன்ன தொகை போதாது, தாளில் வேண்டும்.

அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி எல்லாவற்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். குழுவின் கூட்டத்தில் உங்கள் திட்டத்தைச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். என்ன வாங்கப் போகிறோம், எவ்வளவு, எந்தக் கணக்கில் பணம் சேரும், மிச்சம் வந்தால் என்ன செய்வது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

பணம் பள்ளியின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். இதில் நான் ஒரு தவறு செய்தேன். அவசரத்தில் முதல் வாரம் என் ஜிபே எண்ணைக் கொடுத்துவிட்டேன். நான்கு பேர் 6,500 ரூபாய் அனுப்பினார்கள். என் கணவரின் மாமா ஒருவர் போன் செய்து, "பிள்ளே, பள்ளிக்கூடத்துக்கு உள்ள பைசா உன் கணக்குல எதுக்காக்கும்?" என்று கேட்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம். மறுநாள் காலையிலேயே மொத்தத் தொகையையும் ஒரே தடவையில் பள்ளிக் கணக்குக்கு மாற்றி, நான்கு பேருக்கும் அந்த ரசீதைப் படம் எடுத்து அனுப்பினேன். அந்த மாமாதான் பிறகு, ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நான் கேட்டபோது, இரண்டு கிலோமீட்டருக்கு உண்டான பணத்தைத் தந்தார்.

இன்னொரு வழியும் உண்டு. தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் இணையதளம் வழியாக அரசுப் பள்ளிகளுக்குப் பணம் கொடுக்கலாம். கம்பெனிகளிடம் கேட்பதாக இருந்தால் அந்த வழிதான் நல்லது. வரிச்சலுகை பற்றிக் கேட்பவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். 80ஜி என்று நாம் சொல்லும் அந்தச் சலுகைக்கான ரசீதை, அதற்குப் பதிவு செய்த அமைப்புதான் தர முடியும், நானோ நீங்களோ தர முடியாது. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை.

நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும். சவுதியிலோ துபாயிலோ வேலை செய்யும் தம்பி இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அமெரிக்கக் குடியுரிமையோ இங்கிலாந்துக் குடியுரிமையோ வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அதை வாங்கத் தனி அனுமதி வேண்டும், அது நம்மைப் போன்ற குழுக்களிடம் இருக்காது. அன்பாகச் சொல்லி மறுத்துவிடுங்கள். பணம் வந்த பிறகு திருப்பி அனுப்புவது இன்னும் கஷ்டம்.

எந்த ஓட்டம், எப்போது

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அது முதல்முறைக்கு வேண்டாம். அரை மாரத்தான் 21.0975 கிலோமீட்டர். ஓடிப் பழக்கமே இல்லாதவர் ஆறு மாதத்தில் அதற்குத் தயாராகலாம். மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் 10 கிலோமீட்டர் ஓடுங்கள். பணம் தருகிறவர்களுக்கு இதில் எந்த வித்தியாசமும் தெரியாது.

நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகஸ்டில் பயிற்சி தொடங்கி ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ ஓடுவதுதான் உடம்புக்கு நல்லது. மார்ச்சுக்கு மேல் கடலோரப் புழுக்கம் தாங்காது. பதிவு செய்யும்முன் எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்றால் 2 மணி 49 நிமிடத்தில் முடிப்பீர்கள், 9 நிமிடம் என்றால் 3 மணி 10 நிமிடம் ஆகும். முதல்முறைக்கு மூன்றரை மணி நேரம் தருகிற ஓட்டமாகத் தேடுங்கள். பதிவுக் கட்டணம் உங்கள் கைக்காசாக இருக்கட்டும். ஷூவும் அப்படியே. திரட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூட அதற்குப் போகக் கூடாது, அதை எல்லாரிடமும் சொல்லவும் வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய் வாருங்கள். 35 வயது தாண்டியவர்கள், சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள், வீட்டில் இளவயதில் மாரடைப்பு வந்தவர் இருப்பவர்கள் எல்லாரும் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது. பெண்கள் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே என்றால் இரத்தசோகை, அதோடு ஓடினால் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். எனக்கு 10.4 இருந்தது. மாத்திரையோடு முருங்கைக் கீரை, பயறு, மீன் எல்லாம் சேர்த்தேன். சாப்பிட்டவுடன் சாயா குடிப்பதை நிறுத்தினேன், ஏனென்றால் இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கும். நம் ஊரில் அதை நிறுத்துவது சாமானியக் காரியம் இல்லை.

ஆறு மாதம்

முதல் மாதம் ஓடவே வேண்டாம். வாரத்தில் நான்கு நாள், அரை மணி நேரம் வேகமாக நடங்கள். இரண்டாம் மாதம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படிப் பத்துத் தடவை. வாரம் போகப் போக ஓடுகிற நிமிடங்களைக் கூட்டி, நடக்கிற நிமிடங்களைக் குறையுங்கள். மூன்றாம் மாதக் கடைசியில் 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடிவிடுவீர்கள்.

அதன்பிறகு வாரத்தில் மூன்று நாள் போதும். இரண்டு நாள் நான்கைந்து கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட ஓட்டம். ஞாயிறு ஓட்டம் 7, 8, 9 என்று கூடும். நான்காவது வாரம் 7-க்கு இறங்கும். பிறகு 10, 11, 12 என்று கூடி மறுபடி 9. இப்படி ஏறி இறங்கி, போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் 17 அல்லது 18-ஐத் தொட்டால் போதும், 21-ஐயும் பயிற்சியிலேயே ஓடிப் பார்க்க வேண்டாம். கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் பயம் வந்து அதிகம் ஓடுகிறவர்கள்தான் முட்டியைப் பிடித்துக்கொண்டு போட்டிக்குப் போகிறார்கள்.

வேகம் தெரிய கைக்கடிகாரம் வேண்டாம். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். ஞாயிறு ஓட்டங்களில் நான் என் மகளுக்கு மறுநாள் ஒப்பிக்க வேண்டிய குறளைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். ஏழு சீரும் ஒரே மூச்சில் வந்தால் வேகம் சரி.

எங்கே ஓடுவது? நாகர்கோவிலில் இருப்பவர்களுக்கு அண்ணா விளையாட்டு அரங்கம் இருக்கிறது. பாதையில் ஒரு சுற்று 400 மீட்டர், தூரம் கணக்கிட எளிது. ஆனால் எல்லா ஓட்டத்தையும் அங்கேயே ஓடாதீர்கள், ஒரே பக்கம் திரும்பித் திரும்பி இடுப்பு வலிக்கும். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் சமநிலம், வயல்வெளி, கால்வாய்க்கரைப் பாதைகள் எல்லாம் உண்டு. தொடங்குகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் எங்கே போனாலும் ஏற்றமும் இறக்கமும்தான். ஏற்றத்தில் நடங்கள், அதில் வெட்கம் இல்லை. இறக்கத்தில் பாய்ந்து ஓடாதீர்கள், முட்டி போவது அங்கேதான். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று ஆளைத் தள்ளும். போகும்போது காற்றை எதிர்த்தும் திரும்பும்போது காற்றோடும் வருகிற மாதிரி வழியை வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில்-களியக்காவிளை நெடுஞ்சாலையில் ஓடவே கூடாது. குறுகலான சாலை, பஸ்ஸும் லாரியும் ஓரத்தை உரசிக்கொண்டு வரும். 2000-ல் 89 வயதில் லண்டனில் தன் முதல் மாரத்தானை ஓடிய பௌஜா சிங், 2025 ஜூலையில் பஞ்சாபில் தன் ஊருக்குப் பக்கத்துச் சாலையில் வாகனம் மோதித்தான் இறந்தார். எந்தச் சாலையிலும் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். வெளிச்சம் பட்டால் மினுங்கும் மேல்சட்டை அணியுங்கள். நான் அதிகாலை நாலே முக்காலுக்குக் கிளம்புவேன். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றி விளக்கோடு போவார்கள். அதே விளக்குதான் ஒன்று மார்த்தாண்டத்தில் வாங்கினேன், ஆறு மாதமும் உழைத்தது. முதல் வாரத்தில் ஒரு பாட்டி வாசலில் நின்று, "என்ன மக்ளே, ஆஸ்பத்திரிக்கா இப்படி ஓடுத?" என்று பதறினார். விஷயத்தைச் சொன்னேன். அதன்பிறகு அவர் வீட்டுத் திண்ணையில் எனக்காக ஒரு செம்பில் குடிக்க வெள்ளம் இருக்கும்.

தனியாக இருட்டில் ஓட வேண்டாம் பெண்களே. இன்னொரு அம்மாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வீட்டில் ஒருவர் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ கூட வரட்டும். நாய் துரத்தினால் ஓடக் கூடாது. நின்று, அதைப் பார்த்தபடி மெல்ல நடந்து கடந்துவிடுங்கள்.

வலியில் இரண்டு வகை உண்டு. இரண்டு தொடையிலும் கெண்டைக்காலிலும் பரவலாக இருக்கும் வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரே காலில், ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி இருந்தால் நிறுத்துங்கள். ஒரு வாரம் ஓய்வு எடுத்தும் போகவில்லையென்றால் டாக்டர். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நீண்ட தூரம் ஓடுவது சிறுநீரகத்துக்குக் கெடுதல், அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

சாப்பாடு, தண்ணீர், ஷூ

இதற்காகத் தனி உணவு எதுவும் தேவையில்லை. கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் இரண்டு மட்டிப்பழமும் (நம் ஊர்ச் சிறு வாழைப்பழம்) கட்டஞ்சாயாவும் (பால் சேர்க்காத தேநீர்). கைக்குழந்தைக்கே கொடுக்கிற பழம், வயிற்றைத் தொந்தரவு செய்யாது. திரும்பி வந்ததும் புட்டும் பயறும், இல்லையென்றால் கஞ்சியும் பயறும், ஒரு முட்டை. நீண்ட ஓட்டத்துக்கு முந்தின இரவு மட்டும் மீன்கறியின் காரத்தைக் குறையுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் வேண்டும். கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரையுங்கள். வீட்டில் செய்வதானால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பயந்து லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். ஒரு ஞாயிறு ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள்.

ஷூ வாங்க சாயங்காலம் போங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். கால் பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். உரசும் இடங்களில் ஓடுவதற்கு முன் வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். பெண்கள் நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்குக் கொஞ்சம் அதிகமாகச் செலவு செய்யலாம், ஷூவுக்கு அடுத்து அதுதான் முக்கியம். மற்றபடி சுடிதார் டாப்பும் டிராக் பேண்டும் எனக்குப் போதுமாக இருந்தது.

பணம் கேட்பது

75,000-ஐ 21-ஆல் வகுத்தேன். சுமார் 3,570 வந்தது. 3,600 என்று வைத்து, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு குடும்பம் என்று கேட்கத் தொடங்கினேன். முடியாதவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கிலோமீட்டர் எடுக்கலாம். 'உங்களால் முடிந்ததை' என்று கேட்டால் எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் தள்ளிப்போடுவார்கள். 'எட்டாவது கிலோமீட்டர் உங்கள் பெயருக்கு' என்றால் உடனே பதில் வரும்.

வாட்ஸ்அப் செய்தி ஐந்து வரிக்கு மேல் போக வேண்டாம். நான் அனுப்பியது இதுதான்: "நம்ம பள்ளியில் பிள்ளைகள் கை கழுவ எட்டுக் குழாயும் தண்ணீர்த் தொட்டியும் அமைக்க 75,000 ரூபாய் வேண்டும். அதற்காக பிப்ரவரியில் 21 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஒரு கிலோமீட்டர் 3,600 ரூபாய். பணம் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்குக்கே போகும். கணக்கு பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்கும்."

செய்தியால் வந்தது குறைவு. நேரில் போனதால் வந்ததுதான் அதிகம். மாதத்தின் முதல் வாரத்தில் போங்கள். பங்குத்தந்தையிடம் கேட்டால் பூசை முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்வார். கோயில் கமிட்டி, பள்ளிவாசல் ஜமாத், இளைஞர் மன்றம் எல்லாவற்றிலும் ஒருமுறை சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும்தான் படிக்கிறார்கள். பிள்ளைகளை மட்டும் வீடு வீடாக அனுப்பாதீர்கள், அவர்கள் படத்தையும் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். வாசலில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதைத் தாங்க வேண்டியது நாம்தான், பிள்ளைகள் அல்ல.

கேட்டு இல்லை என்றவரிடம் மறுபடி கேட்காதீர்கள். தருவதாகச் சொன்னவருக்கு இரண்டு முறை நினைவூட்டலாம், மூன்றாவது முறை வேண்டாம்.

ஓட்ட நாள்

நான் முந்தின நாளே போய் கழக்கூட்டத்தில் நாத்தனார் வீட்டில் தங்கிவிட்டேன். சட்டையில் குத்திக்கொள்ளும் ஓட்ட எண்ணை முந்தின நாள்தான் கொடுப்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். நகத்தை இரண்டு நாள் முன்னால் வெட்டுங்கள். சட்டை, காலுறை, பழம் எதுவும் அன்றைக்குப் புதிதாக இருக்கக் கூடாது.

முதல் 5 கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். கூட்டம் இழுத்துக்கொண்டு போகும், போகாதீர்கள். நான் தொடக்கத்திலிருந்தே 9 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று போனேன். தலை சுற்றல், குழப்பம், நெஞ்சில் அழுத்தம் எது வந்தாலும் ஓட்டம் அங்கேயே முடிந்தது. உட்கார்ந்து ஆளைக் கூப்பிடுங்கள். ஒருவர் வெயிலில் தடுமாறி உளறினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். பாதியில் நின்றாலும் தொட்டி வரும். பணம் தந்தவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் உங்கள் மனதில் அந்தப் பாரம் இருக்காது.

இடது மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டை கட்டி, அதில் 21 பெயர்களை மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தேன். எனக்கு 16-க்கு மேல் கால் கனத்துப்போனது. பட்டையைப் பார்த்தேன். வியர்வையில் மை பரவியிருந்தாலும் 17-க்கு எதிரே 'மீன் சந்தை' என்று படிக்க முடிந்தது. பன்னிரண்டு அம்மாமார் ஆளுக்கு 300 ரூபாய் போட்டு எடுத்த கிலோமீட்டர் அது. அந்த ரூபாய்த் தாள்கள் மீன் வாசத்தோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் வந்தன, ஒவ்வொன்றாக எண்ணி வாங்கி ரசீது எழுதியிருந்தேன். அந்தக் கிலோமீட்டரில் நான் நடக்கவில்லை. 3 மணி 4 நிமிடத்தில் முடித்தேன்.

அதற்குப் பிறகு

முடித்த அன்றே எல்லாருக்கும் ஒரு படமும் நேரமும் நன்றியும் அனுப்புங்கள். சொல்லி வைத்த தொகை அந்த வாரத்தில்தான் வரும். பத்து நாள் தாண்டினால் மறந்துவிடுவார்கள்.

எங்களுக்கு மொத்தம் 81,400 ரூபாய் சேர்ந்தது. மோட்டார் விலை கூடியதால் செலவு 78,250. மிச்சம் 3,150. தீர்மானப் புத்தகத்தில் முன்பே எழுதியிருந்தபடி அது சோப்புக்கும் வாளிக்கும் போனது. தந்தவர் பெயர், தொகை, ஒவ்வொரு பில்லின் நகல் எல்லாம் ஒரு மாதம் பள்ளி அறிவிப்புப் பலகையில் இருந்தன. பெயர் வேண்டாம் என்றவர்களுக்கு 'ஒரு பெற்றோர்' என்று போட்டோம். தொட்டியில் யார் பெயரும் எழுதவில்லை, என் பெயரும் இல்லை.

ஒரு விஷயத்தை நாங்கள் தாமதமாகத்தான் யோசித்தோம். தொட்டி வந்த பிறகு அதைக் கழுவ ஆள் வேண்டும், குழாய் வாஷர் போனால் மாற்ற ஆள் வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை காலையில் நான்கு பெற்றோர் வந்து தொட்டியைக் கழுவுகிறோம். கழுவிய தேதியை மோட்டார் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைக்கிறோம். அடுத்த முறை என் முறை.